உள்ளே வரலாங்களா?

காணாமல்போன கோப்பை திரும்பி வந்திருந்தது.

வாசல் கட்டைச் சுவரின் மேல், பிடி வீட்டுப் பக்கம் திரும்பியிருக்க, யாரோ குடித்து முடித்துவிட்டு மரியாதையாக வைத்துப் போன மாதிரி அது உட்கார்ந்திருந்தது. நீலப் பூப் போட்ட கோப்பை. புதுவீட்டில் பால் காய்ச்சிய அன்று, வருகிறவர்களுக்குக் கொடுக்கவென்று நுவரெலியாவில் வாங்கிய செட்டில் ஒன்று. மதுரன் ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தான். பகல் சாப்பாடு முடிந்து கை காய்வதற்குள், மலையிலிருந்து இறங்கிய மூடுபனி தேயிலையைத் தின்று, பாதையைத் தின்று, வாசலில் நிறுத்தியிருந்த அவனுடைய ஆட்டோவின் முன்சக்கரம் வரைக்கும் வந்து, அதற்கு மேல் அனுமதி கிடைக்காததுபோல் நின்றிருந்தது.

எட்டிக் கோப்பையை எடுத்தான். கனத்தது. உள்ளே விளிம்புவரை சிவப்பு மண், சலித்துப் போட்டு விரலால் வழித்து மட்டமாக்கியதுபோல. அதிலிருந்து ஒரு வாடை வந்தது: நனைந்த வேர், துரு, ஆறிப்போன தேயிலைச் சாயம், எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொன்று, இழவு வீட்டில் சாம்பிராணி போட்டு மறைக்கிற ஒன்று.

“கோப்பைதானே. கால் முளைச்சு நடந்து வந்திருக்கும்,” என்று சொல்லிப் பார்த்தான். அவன் வாயைத் திறந்தால் கந்தப்பளை ஆட்டோ ஸ்டாண்டே சிரிக்கும். இங்கே சிரிக்க ஆளில்லை. ஜீவராணி மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். மகள் தக்ஷிகா பள்ளிக்கூடத்தில்.

அப்போதுதான் வீட்டின் பின்பக்கத்திலிருந்து அந்தச் சத்தம் கேட்டது.

சர்ர்ர்ர்...

டக்.

அளவு நாடா. மஞ்சள் இரும்பு நாடாவை வெளியே இழுத்து, அளந்து, விட்டதும் அது பெட்டிக்குள் ஓடி முட்டிக்கொள்கிற சத்தம். மதுரன் கோப்பையை வைத்துவிட்டுப் பின்பக்கம் போய்ப் பார்த்திருக்க வேண்டும். சொந்த வீட்டுக்காரன் அப்படித்தான் செய்வான். மதுரன் செய்தது வேறு. வாசலிலேயே கோப்பையைப் போட்டுவிட்டு உள்ளே போய், கதவைச் சாத்தி, மேல் தாழ்ப்பாள், கீழ் தாழ்ப்பாள் இரண்டையும் போட்டு, அரிசி வாளியையும் இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தான். அரிசி வாளியைத் தாண்டிப் பேயால் வர முடியாது என்று எந்தச் சாமியும் அவனுக்குச் சொன்னதில்லை. கைக்கு அதுதான் அகப்பட்டது.

அந்தக் கோப்பையைக் கடைசியாகப் பிடித்திருந்த கை யாருடையது என்று அவனுக்குத் தெரியும். அந்தக் கை இப்போது எங்கே என்பதுதான் யாருக்கும் தெரியாது. பெக்கோ இயந்திரம் வைத்துத் தோண்டினார்கள், ஆமிக்காரர்கள் மண்வெட்டியால் தோண்டினார்கள், கடைசியில் தோட்டத்து ஆட்கள் வெறுங்கையால் தோண்டினார்கள். கீழ் லயத்து ஆட்களை ஒவ்வொருவராக எடுத்தார்கள். அந்தப் பொடியனை மட்டும் மண் திருப்பித் தரவில்லை.

*

மதுரன் பிறந்தது லயத்தில், தோட்டத்து ஆட்களுக்கென்று கட்டிய வரிசை அறைகளில் ஒன்றில். லயத்தில் கதவு என்பது காற்றைத் தடுக்க. ஆட்களைத் தடுக்க அல்ல. வேலைக்கு வராதவனைத் தேடி வருகிற தோட்டத்து மேற்பார்வைக் கண்டாக்கு போர்வையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் “என்னடா நோவு?” என்று கேட்பார். கொசு மருந்து அடிக்க வருகிறவர்கள் சோற்றுப் பானைக்கு மேலேயே அடித்துவிட்டுப் போவார்கள். உள்ளே வரலாமா என்று யாரும் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று உள்ளே இருந்தவர்களுக்கும் தோன்றியதில்லை.

ஆகவே ஏழு பேர்ச் காணியில் தனிவீடு கிடைத்து, உறுதிப் பத்திரமும் கைக்கு வந்தபோது, மதுரனுக்குப் பிடித்துப்போனது கூரையல்ல, கதவு. சும்மா இருக்கிற நேரத்தில் அதைத் திறந்து மூடுவான். “கதவுக்கு ஒரு தாலியைக் கட்டிருங்க,” என்று ஜீவராணி சொல்வாள். மகளையும் கதவுக்குப் பழக்கினான். யாராவது வாசலில் கூப்பிட்டால் ஓடி ஒளியக்கூடாது, “வாங்க, உக்காருங்க” என்று சொல்ல வேண்டும். லயத்தில் உட்காரச் சொல்ல இடமிருந்ததில்லை. இங்கே நான்கு பிளாஸ்டிக் கதிரைகள் இருந்தன. தக்ஷிகா தூக்கத்தில்கூட அதைச் சொல்லுமளவுக்குத் தேறினாள். விருந்தாளி வந்துபோன இரவுகளில் உண்மையாகவே தூக்கத்தில் சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டு அவனும் ஜீவராணியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறார்கள்.

பிறகு கோயில் மண்டபத்தில் ஒரு கூட்டம் நடந்தது. சட்ட உதவிக்கு என்று பிரேமினி என்ற பிள்ளை ஹட்டனிலிருந்து வந்திருந்தாள். மேல் வீட்டுக்காரர்களும் கீழ் லயத்து ஆட்களும் பாயில் உட்கார்ந்து கேட்டார்கள்.

“யாரு வந்தாலும் பயப்படாதீங்க. மொதல்ல அடையாள அட்டையக் கேளுங்க. எதுக்கு வர்றீங்கன்னு எழுத்துல கேளுங்க. வேணும்னா சாட்சிக்கு ஆள் வேணும்னு சொல்லுங்க. உசுருக்கு ஆபத்து, கோர்ட்டு ஓடர், அதெல்லாம் வேற. மத்தபடி ‘முடியாதுங்க’ன்னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு. ஆனா ஒண்ணு. வீட்டுல இருக்கிற ஒருத்தர் ‘வாங்க’ன்னு வாய விட்டுட்டா போச்சு. பெறகு நீங்கதான் கூப்பிட்டீங்கன்னு சொல்லுவாங்க. புள்ளைங்களுக்கும் சொல்லி வைங்க.”

மதுரன் கையைத் தூக்கினான். “மிஸ், என் வீட்டுக்குக் கீழ மாணிக்கக்கல்லு இருந்தா?”

“தோண்டிறாதீங்க அண்ணே. மேலதான் உங்களோடது. கீழ இருக்கிறது அரசாங்கத்தோடது.”

பின்வரிசையிலிருந்து அழகையா, கீழ் லயத்துக் கிழவர், கம்பளிக்குள்ளிருந்து இருமிக்கொண்டே கத்தினார். “இவன் வீட்டுக்குக் கீழ எங்க லயந்தான் இருக்கு. எங்கள அரசாங்கத்துக்கு எழுதிக் குடுத்திட்டியாடா?”

மண்டபம் சிரித்தது. அம்மாக்கண்ணு அக்கா வெற்றிலை புரையேறும்வரை சிரித்தாள். மதுரனுக்கு அந்தச் சிரிப்பு இப்போதும் காதில் இருந்தது. அந்தப் பாயில் இருந்தவர்களில் பாதிப்பேர் இப்போது இல்லை.

*

பெருமழை நாளில் அந்தப் பொடியன் வந்தான். பிரதீபன் என்று பெயர். கொத்மலைப் பக்கம். மண்சரிவு பார்க்கிற அரசாங்க உத்தியோகத்தன், ஆனால் நம்முடைய முகம், நம்முடைய பேச்சு. வேலைக்குச் சேர்ந்து நாளாகாதது சட்டைக் கொலரிலேயே தெரிந்தது. இடுப்பில் மஞ்சள் நாடா. தலையிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

“அண்ணே, கீழ லயத்துல தரைக்குள்ள சத்தம் கேக்குதுன்னு சொல்றாங்க. மேல வீடுகள்ல வெடிப்பு இருந்தா லயத்து ஆளுங்கள இன்னைக்கே எறக்கிறணும். ஒரு அஞ்சு நிமிசம். உள்ளே வரலாங்களா?”

வாழ்க்கையில் முதல்தடவையாக ஓர் உத்தியோகத்தன் அவனிடம் அப்படிக் கேட்டிருந்தான். மதுரனின் நெஞ்சு ஒரு கணம் பூரித்தது. அடுத்த கணம், உள்ளறைக் கட்டிலுக்கடியில், பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்புக்குக் கீழே சுவரிலிருந்து சுவருக்கு ஓடுகிற வெடிப்பு நினைவுக்கு வந்தது. முன்பே சீமெந்து குழைத்துப் பூசிப் பார்த்திருந்தான். பூசிய சீமெந்தும் வெடித்திருந்தது. இவன் அதைப் பார்த்தால் வீட்டைக் காலி பண்ணச் சொல்லும் சிவப்புத் தாளைக் கதவில் ஒட்டுவான். பள்ளிக்கூட முகாமில் கொஞ்ச நாள். அதற்குப் பிறகு? காலியாகக் கிடக்கிற ஏதாவது ஒரு லயக் காம்பரா. போர்வையைத் தூக்கிப் பார்க்கிறவர்கள்.

ஆகவே மதுரன் நெஞ்சை நிமிர்த்தி, கண்ணாடிக்கு முன்னால் ஒத்திகை பார்த்திருந்ததைச் சொன்னான். அட்டை இருக்கா? எழுத்துல இருக்கா? சாட்சி இருக்கா?

அட்டை கீழ் ரோட்டில் நின்ற ஜீப்பில், பையில் இருந்தது. பொடியன் கோபப்படவில்லை. சிரித்தான். “உங்க உரிமைங்க அண்ணே. போய் எடுத்துக்கிட்டு வர்றேன். கொண்டாந்தா விடுவீங்கதானே?”

“கொண்டாங்க தம்பி, தாராளமா வாங்க,” என்றான் மதுரன். அதோடு விட்டிருக்கலாம். மனம் கேட்கவில்லை. பிள்ளை நனைந்து நடுங்குகிறதே என்று ஒரு பிளேன்டி ஊற்றி, உள்ளங்கையில் கொஞ்சம் சீனியும் வைத்துக் கொடுத்தான். பொடியன் சீனியை நக்கி, நீலப்பூக் கோப்பையைக் கையில் பிடித்தபடியே, குறுக்குப்பாதையில் கீழ் லயத்தின் பக்கம் இறங்கிப் போனான்.

கோப்பையில் இன்னும் ஆவி பறந்திருக்கும். மலை இறங்கியது.

ஜீவராணி கேட்டதற்கு, “வந்தாரு, பாத்தாரு, ஒண்ணுமில்லன்னுட்டுப் போனாரு,” என்று சொல்லியிருந்தான். அந்தப் பொய்யை அவள் நம்பினாள். சரிவு அவன் வீட்டுப் பின்சுவருக்குச் சற்றுக் கீழே தொடங்கியிருந்தது. மேல் வீடுகள் தப்பியது மாரியம்மன் புண்ணியம் என்று ஊரே பேசிக்கொண்டது.

*

கோப்பை வந்த மறுநாளும் பனி அதே நேரத்துக்கு இறங்கியது. கதவைத் தட்டவில்லை. ஈரத் துணியால் ஒற்றுவதுபோல ஒரு சத்தம் மட்டும், கதவின் அடிப்பக்கத்தில். பிறகு கதவுக்கும் தரைக்கும் இடையிலிருந்த சின்ன இடுக்கு வழியாக ஏதோ ஒன்று உள்ளே சறுக்கி வந்து அவன் பெருவிரலைத் தொட்டு நின்றது.

அடையாள அட்டை. பிளாஸ்டிக் உறை வெளியே துடைத்துச் சுத்தமாக இருந்தது, உள்ளேதான் மண். படத்தில் பிரதீபன் சிரித்துக்கொண்டிருந்தான். மண் அவன் வாய்வரைக்கும் ஏறியிருந்தது.

அன்று மாலை மதுரன் பிரதீபனின் அலுவலகத்துக்குப் போன் போட்டான். தெரிந்த சிங்களத்தையெல்லாம் கூட்டிப் பெருக்கி, வெடிப்பு இருக்கிறது, யாராவது வந்து பாருங்கள், கதவைத் திறந்தே வைக்கிறேன் என்று கெஞ்சினான். மறுமுனையில் ஒரு அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்தப் பகுதி பிரதீபன் மாத்தயாவுக்குக் கொடுத்த பகுதி, அவர் இன்னும் அறிக்கை தரவில்லை, தந்த பிறகுதான் வேறு ஆள் போடலாம் என்று தமிழும் சிங்களமும் கலந்து விளக்கினாள்.

“அவருதான் இல்லியே நோனா.”

“இன்னும் காணாமல் போன ஆள்தான். செத்தது இல்லை,” என்றாள் அவள். அதில் மரியாதைதான் இருந்தது. மதுரன் போனை வைத்தான்.

அதற்கடுத்த நாள் எழுத்து வந்தது. ஜன்னல் கண்ணாடியில், வெளிப்புறத்து ஈரத்தில், யாரோ சிவப்புச் சேற்றுவிரலால் அழகான அலுவலகக் கையெழுத்தில் எழுதியிருந்தார்கள். வீட்டுக்காரர் பெயர், ஏழு பேர்ச், உள்ளறைத் தரை வெடிப்பைப் பார்வையிட. கீழே முத்திரை குத்த வேண்டிய இடத்தில் ஒரு வட்டம். கோப்பையின் அடிப்பாகம் பதிந்த வட்டம்.

அன்றைக்கு ஜீவராணி நேரத்தோடு வந்துவிட்டாள். கூடையை இறக்காமலே ஜன்னலைப் படித்தாள். மேசையில் கிடந்த அட்டையைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

“நீங்க அவர உள்ள விடல்ல. என்ன?”

அவன் அட்டையை எடுத்து மேசையில் கவிழ்த்து வைத்தான்.

“ஏங்க?”

“எங்க போறது ராணி? மறுபடி லயத்துக்கா?”

அவள் அழவில்லை, திட்டவில்லை. அம்மாக்கண்ணு அக்கா அவளுக்கு மலையில் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தவள். உள்ளறைக்குப் போய் விரிப்பைத் தூக்கிப் பார்த்துவிட்டு வந்தாள். வெடிப்பில் இப்போது அவள் கை நுழைந்தது.

“நாளைக்கு அரைநாள் வேலைக்குப் போயிட்டு வந்திர்றேன், கங்காணிகிட்ட சொல்லாமப் போக முடியாது. சாமானக் கட்டி வைங்க. கந்தப்பளையில தங்கச்சி தனுஜா வீட்டுக்குப் போயிருவோம். வீடு வேணும்னா வீட்டையும் அந்த மலையே எடுத்துக்கிட்டுப் போகட்டும்.”

*

மறுநாள் தக்ஷிகாவுக்குக் காய்ச்சல். பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. உள்ளறையின் ஒரே கட்டிலில் அவளைப் படுக்க வைத்து, கம்பளியைப் போர்த்தி, கட்டிலைச் சுவரோடு தள்ளினான். எங்கே தள்ளினாலும் வெடிப்பு அதன் கீழேதான் இருந்தது. முன்னறையில் இரண்டு பைகளும் ஒரு மூட்டையும் தயாராக இருந்தன. ஆட்டோவுக்குப் பெட்ரோல் இருந்தது. ஜீவராணி வந்துவிட்டால் போதும்.

ஜீவராணிக்கு முன்னால் பனி வந்தது.

இதுவரைக்கும் வந்ததுபோல இல்லை. ஜன்னலுக்கு வெளியே ஆட்டோ இருந்த இடத்தில் ஆட்டோ இல்லை, கட்டைச் சுவர் இல்லை, ஜன்னல் கம்பியைத் தாண்டி உலகமே இல்லை. பால் திரிந்த மாதிரி ஒரு வெள்ளை மட்டும், அதற்குள்ளிருந்து கோப்பையில் இருந்த அதே வாடை, நனைந்த வேரும் துருவும் இன்னொன்றும், கதவிடுக்கு வழியாகவும் கூரைத் தகரத்தின் ஓட்டைகள் வழியாகவும் மெல்ல இறங்கி, அடுப்பங்கரையில் ஆறிக்கிடந்த சோற்றின் வாசனையை மூடி, காய்ச்சல்காரப் பிள்ளைக்குத் தடவிய சித்தாலேப தைலத்தின் வாசனையையும் மூடியது. நாய் எங்கும் குரைக்கவில்லை. மலையில் கொழுந்துக்காரப் பெண்களின் கூப்பாடு இல்லை. கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீர்கூட நின்றிருந்தது, காது கொடுத்துக் கேட்பதற்காக நின்றதுபோல.

ஓர் இருமல்.

வாசலில். கம்பளிக்குள்ளிருந்து வருகிற இருமல். கோயில் மண்டபத்தில், வருஷக்கணக்காக லயத்துத் தண்ணீர்ப் பீலிக்கரையில், அவன் கேட்டுக் கேட்டுப் பழகிய இருமல்.

“அண்ணே,” என்றது இன்னொரு குரல். இளங்குரல். பணிவான குரல். வாய்க்குள் எதையோ அடக்கிக்கொண்டு பேசுவதுபோல். “நீங்க கேட்டதெல்லாம் கொண்டாந்துட்டேங்க. அட்டை. எழுத்து. சாட்சிக்கு ஆளும் கூட்டியாந்திருக்கேன்.”

மதுரன் ஜன்னலைப் பார்க்கக்கூடாது என்று நினைத்தான். பார்த்தான்.

காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு நிற்பதுபோல வரிசையாக நின்றிருந்தார்கள். தோளோடு தோள். வெள்ளைக்குள் சிவப்பாக. அழகையாவின் கம்பளி. அம்மாக்கண்ணு அக்காவின் பருத்த உருவம், இடுப்பில் கொழுந்துச் சாக்கு. இன்னும் பின்னால், இன்னும் பின்னால், சிறுசும் பெருசுமாக. ஒருவருக்கும் கண் இருக்க வேண்டிய இடத்தில் கண் இல்லை. மண் நிறைந்து, மட்டமாக வழித்திருந்தது. அவர்களிடமிருந்து ஏதோ பிசுபிசுத்து உதிர்ந்துகொண்டிருந்தது. பொத். பொத்.

“என்னப்பா மதுரா,” என்றார் அழகையா. “கதவச் சாத்தி வச்சிருக்க? அந்தப் பொடியனுக்கு மட்டுந்தான் டீத்தண்ணியா?”

யாரோ ஒரு பெண் சிரித்தாள். புரையேறுகிற சிரிப்பு.

“உள்ளே வரலாங்களா அண்ணே?”

கேட்டதையெல்லாம் கொண்டுவந்துவிட்டார்கள். கேட்பதற்கு இனி ஒன்றுமில்லை. மதுரன் அரிசி வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இருந்தது. ஒவ்வொருவர் பெயராகச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று இருந்தது. ஆனால் உள்ளே பிள்ளை படுத்திருக்கிறது. பிரேமினி சொன்னதில் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. அதை எடுத்தான்.

“முடியாதுங்க.”

வெளியே பொத், பொத் என்று மண் உதிர்ந்தது.

“முடியாதுங்க தம்பி. கும்பிட்டுக் கேக்கிறேன். எம்புள்ள இருக்கு. கோர்ட்டு ஓடர் இல்லாம முடியாதுங்க.”

பிறகு அந்தக் குரல், கொஞ்சமும் கோபமில்லாமல், மழையில் நனைந்துகொண்டு சொன்ன அதே மாதிரி சொன்னது.

“சரிங்க அண்ணே. உங்க உரிமைங்க.”

ஜன்னலில் சிவப்புகள் கலைந்தன. வெள்ளை மட்டும் நின்றது.

மதுரனுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மூக்கு வழியாக, பிறகு வயிற்றிலிருந்து. அழுகையும் அதோடு சேர்ந்து வந்தது. சொந்தக்காரன்! ஏழு பேர்ச்சுக்குச் சொந்தக்காரன்! அந்த ஹட்டன் பிள்ளைக்கு ஒரு மாலை வாங்கிப் போட வேண்டும். செத்தவர்களும் சட்டத்துக்குக் கட்டுப்படுகிறார்கள், மிஸ். கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஆணி அடித்ததுபோல் கதவு அப்படியே இருந்தது. நல்ல கதவு. ராணி சரியாகத்தான் சொன்னாள், ஒரு தாலியைக் கட்டிவிட வேண்டியதுதான்.

அழகையா மறுபடி இருமினார்.

தூரத்திலிருந்து அல்ல. அவர்கள் வாசலைவிட்டுப் போன காலடிச் சத்தத்தை அவன் கேட்கவேயில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. பாதையில் யாரும் நடக்கவில்லை. படியில் யாரும் இறங்கவில்லை.

இருமல் கீழேயிருந்து வந்தது.

அவன் உட்கார்ந்திருந்த தரைக்குக் கீழே. சீமெந்துக்கு அந்தப் பக்கம். அது மெல்ல நகர்ந்தது. அவன் தொடைக்குக் கீழிருந்து. மூட்டைக்குக் கீழே. சுவருக்குக் கீழே.

உள்ளறைப் பக்கம்.

*மேலதான் உங்களோடது.*

கையூன்றித் தவழ்ந்தான். நிலைப்படி. திரைச்சீலை. கட்டில். கம்பளிக்கு வெளியே தொங்கிய தக்ஷிகாவின் சின்னக் கால்.

பூப்போட்ட விரிப்பு மூச்சுவிட்டது. ஒரு முறை உப்பியது. அமுங்கியது. அதன் ஓரம் தானாக மடங்கிப் பின்னால் போனது, யாரோ போர்வையைத் தூக்கிப் பார்ப்பதுபோல.

சர்ர்ர்ர்...

வெடிப்புக்குள்ளிருந்து மஞ்சள் நாடா வந்தது. நாக்கு மாதிரி. ஈரமாக. தரையில் ஊர்ந்தது. கட்டில் காலைத் தொட்டது. நின்றது. நிமிர்ந்தது. தக்ஷிகாவின் குதிகாலுக்குக் கீழே ஒரு விரற்கடை தூரத்தில் நுனி ஆடிக்கொண்டிருந்தது. அளந்தது.

டக்.

உள்ளே போய்விட்டது.

“ஆத்தா,” என்றான் மதுரன். சத்தம் வரவில்லை. காற்று மட்டும். “தங்கம். எந்திரி.”

கீழேயிருந்து குரல் கேட்டது. பணிவான குரல். இந்த முறை அவனிடம் கேட்கவில்லை. வாசலில் நின்று கூப்பிடுகிற விருந்தாளியைப்போல, பொதுவாக, வீட்டைப் பார்த்துக் கேட்டது.

“வீட்டுல யாருங்க? உள்ளே வரலாங்களா?”

சொல்லாதே. அவன் வாயைத் திறந்தான். சொல்லாதே ஆத்தா. அவன் கை நீண்டது, அவள் வாயைப் பொத்த. இன்னும் ஒரு முழம் இருந்தது.

தக்ஷிகா கண்ணைத் திறக்கவில்லை. காய்ச்சலில் காய்ந்த உதடுகளைப் பிரித்து, அவன் பழக்கியபடியே, தெளிவாக, சந்தோஷமாகச் சொன்னாள்:

“வாங்க, உக்காருங்க.”

வெடிப்பின் இந்த ஓரத்தில் விரல்கள் முளைத்தன. அந்த ஓரத்திலும். ஒருவருடைய விரல்கள் அல்ல. கிழட்டு விரல்கள், கொழுந்துச் சாயம் ஏறிய விரல்கள், குழந்தை விரல்கள், நெருக்கமாக, வரிசையாக, சுவரிலிருந்து சுவர்வரைக்கும். இரண்டு பக்கத்தையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, இரட்டைக் கதவைத் திறப்பதுபோல, தரையைப் பொறுமையாக விலக்கத் தொடங்கின.